எலி கடித்தது ஆறு வயர், எஸ்டிமேட் 48,026 ரூபாய்

ரெண்டு வாரமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. காரணம் எலி.

கன்னிப்பூ அறுப்பு முடிந்து வயல் காலியானால் எலிக்கு அங்கே சோலி இல்லை. நேரே வீட்டுக்கு வரும். படப்பில் கொஞ்சம், நெல்மூட்டை அடுக்கிய இடத்தில் கொஞ்சம், மழை பிடித்துவிட்டால் சூடு தேடி கார் எஞ்சினுக்குள் கொஞ்சம். எங்கள் வீட்டில் கார் நிற்பது படப்பை ஒட்டித்தான். ஐப்பசி மழை தொடங்கி ரெண்டு நாள் கழித்து, காலையில் சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. முன்னால் மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு என்று சுசீந்திரம் தேரோட்டம் மாதிரி எரிகிறது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வைக்கோலை வைத்து மெத்தை போட்டிருக்கிறது சவம். சுற்றிலும் வயர்த் தோல் துணுக்குத் துணுக்காகக் கிடக்கிறது.

அன்றைக்கு அம்மையை ஆசாரிபள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய நாள். அம்மைக்கு 78 வயது. மாதத்துக்கு ரெண்டு முறை போகணும். பஸ்ஸில் ஏற முட்டு ஒத்துழைக்காது. ஆட்டோவில் போனால் குலுங்கிக் குலுங்கி, வந்து ரெண்டு நாள் படுத்துக்கிடுவாள். அதற்காகத்தான் இந்த 2016 மாடல் சின்னக் காரை, செகண்ட் ஹேண்டில், ஏழு வருஷம் முந்தி வாங்கினது. ஆஸ்பத்திரி, வடசேரி அப்டா மார்க்கெட்டுக்கு வாழைக்குலை, திருப்பதிசாரத்திலிருந்து விதைநெல், கல்யாணம், அடியந்திரம் எல்லாம் அதில்தான். கார் வைத்திருக்கிறவன் எல்லாம் பணக்காரன் என்கிற காலம் போய்விட்டது. எங்களுக்கு அது மம்பட்டி, பம்புசெட் மாதிரி ஒரு சாமான்.

வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றி நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. எல்லாம் ஒரே குளத்துத் தண்ணீர்தான்.

மறுநாள் சாயங்காலம் எஸ்டிமேட் போனுக்கு வந்தது. வயரிங் கிட் முழுசாக மாற்ற 29,800. ஒரு சென்சார் 4,200. லேபர் 6,700. ஆக 40,700. அதற்கு 18 சதவீதம் வரி 7,326. மொத்தம் 48,026 ரூபாய். வேலை செய்ய வேண்டாம் என்று சொன்னாலும், பார்த்ததற்குக் கூலி 1,180 கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கணும்.

நான் நேரில் போனேன். அங்கே இருந்த பையனுக்கு 25 வயது இருக்கும். நல்ல மரியாதை. ஏசி, சோபா, ஒரு கப் காப்பி.

“தம்பி, எத்தனை வயர் கடிச்சிருக்கு?”

“ஆறு சார்.”

“ஆறு வயரை ஒட்டினா போதாதா?”

“எங்களுக்கு ஒட்ட அனுமதி இல்ல சார். கிட்டாத்தான் மாத்தணும். கம்பெனி ரூல்.”

“சென்சாரையும் எலி தின்னுட்டா?”

“இல்ல சார். கிட் மாத்தும்போது அதையும் மாத்திட்டா சேஃப்டி.”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒட்டு சரியில்லாமல் போனால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும். பிடித்தால் கம்பெனி மேல் கேஸ் வரும். அதனால் மாற்று, மாற்று என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று கேட்டிருக்கிறோமே, அதை எஸ்டிமேட்டாக அடித்து, ஜிஎஸ்டி போட்டு, கையில் தந்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். 2025-26-க்கு மத்திய அரசு சாதா நெல்லுக்கு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். 48,026-ஐ அதால் வகுத்தால் 20 குவிண்டாலுக்கு மேலே போகிறது. எங்கள் பத்தில் ஒரு ஏக்கர் ஒழுங்காக விளைந்தால் 20, 25 குவிண்டால். அதாவது உழவு, நடவு, களை, உரம், அறுப்புக் கூலி எதையும் கழிக்காமல், ஒரு ஏக்கர் கன்னிப்பூவை அப்படியே அள்ளிக்கொண்டு போய் அந்தக் கவுண்டரில் தட்டினால் ஆறு வயர் சரியாகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

என் வண்டிக்கு இப்போது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான். பழைய வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் போட்டாலும் முழுத் தொகை கைக்கு வராது. பிளாஸ்டிக், ரப்பர் சாமான் என்றால் பாதி விலையைக் கழிப்பார்கள். வண்டி 5 வயது தாண்டிவிட்டால் இரும்புச் சாமானுக்கு 40 சதவீதம், 10 வயது தாண்டினால் 50 சதவீதம் கழியும். கழிக்காமல் வேண்டுமென்றால் பிரீமியம் கூடுதலாகக் கட்டணும். வயதான வண்டிக்கு அதுவும் லேசில் கிடைக்காது.

1,180 ரூபாயைக் கட்டி, இன்னொரு ரெக்கவரிக்குக் காசு கொடுத்து, வண்டியைக் கோட்டார் பக்கம் ஒரு பழைய எலெக்ட்ரீஷியனிடம் கொண்டு போனேன். அவர் பேரைப் போடவில்லை. போட்டால் அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டினவர். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு டெஸ்ட் லைட், ஒரு மல்டிமீட்டர். மழை என்றால் மேசையை உள்ளே இழுப்பார்.

குனிந்து ஒரு பத்து நிமிஷம் பார்த்தார். “ஓய், ஆறு இல்ல, ஏழு வயர். ஒண்ணு டேப்புக்குள்ள கிடக்கு, அவனுக பாக்கல்ல” என்றார். ரெண்டு நாள் எடுத்தார். ஒவ்வொரு வயரையும் தோல் சீவி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி, எல்லாவற்றையும் சேர்த்து டேப் சுற்றினார். சாமான் 600, கூலி 2,000.

எஞ்சின் ஒரே திருகலில் பிடித்துவிட்டது. ஆனால் மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை.

நான் இன்றைக்கு எழுத வந்தது அந்த மஞ்சள் விளக்கைப் பற்றித்தான்.

வயரை ஒட்ட ஆசானுக்குத் தெரியும். கைவேலையில் அவருக்கு மேலே அந்த ஏசி கட்டிடத்தில் ஆள் இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டரைத் திறந்து, “பழுது சரியாச்சு, விளக்கை அணை” என்று சொல்ல ஒரு ஸ்கேனர் வேணும். ஆசானிடம் இருக்கிற ஸ்கேனர் இந்த மாடலுக்குள் முழுசாகப் போகமாட்டேன் என்றது. எந்த வயர் எங்கே போகிறது என்கிற படமும் கம்பெனி அவருக்குக் கொடுத்ததில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட மங்கலான போட்டோவை வைத்துத்தான் ஏழாவது வயரைக் கண்டுபிடித்தார். கடைசியில் நல்ல ஸ்கேனர் வைத்திருக்கிற இன்னொரு கடைக்கு வண்டியைக் கொண்டு போய் 500 ரூபாய் கொடுத்து விளக்கை அணைத்தோம். ஆக 3,100.

அவர் சொன்னார்: “வேலை தெரியாதவன்னா போறேன், ஓய். வேலை தெரியும். கதவைத்தான் பூட்டிப் போட்டிருக்கானுக.”

ரிப்பேர் ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் பல பதில் சொல்வார்கள். இடத்து வாடகை, ட்ரெயினிங், கருவி விலை, வரி. எல்லாம் உண்மைதான். நல்ல வேலைக்கு நல்ல கூலி கொடுக்க எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. நெல்லுக்கு நியாய விலை கேட்கிற நான் அடுத்தவன் உழைப்புக்கு விலை குறைக்கச் சொன்னால் அது மரியாதை இல்லை. ஆனால் அந்த 48,026 ரூபாயில் உழைப்புக்கு எவ்வளவு? லேபர் 6,700. அதிலும் என் அக்கா மகன் ஒருத்தன் இந்த மாதிரி ஒரு இடத்தில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தான். மாசம் 13,000 சம்பளம். “மாமா, நான் ஒரு நாள்ல செய்யுத வேலைக்கு கஸ்டமர்கிட்ட வாங்குத லேபர் என் அரை மாச சம்பளம்” என்பான். கஷ்டப்படுகிற கைக்கும் அது போகவில்லை. பூட்டின கதவுக்கு வாடகையாகப் போகிறது.

இது என் மனக்கசப்பு மட்டும் இல்லை. அரசாங்கமே விசாரித்துச் சொன்ன விஷயம். ஒரு கார்க்காரர் கொடுத்த புகாரை வைத்து 2011-ல் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு விசாரணையைத் தொடங்கியது. முதலில் மூணு கம்பெனி மேல் புகார். தோண்டத் தோண்ட மற்றவர்களும் அதே வேலைதான் செய்கிறார்கள் என்று வந்தது. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் உத்தரவு போட்டது. மாருதி, டாடா, மகேந்திரா, டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு உட்பட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம்.

என்ன தப்பு? ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவியையும், தொழில்நுட்ப விவரத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான். சாமான் விலையைச் சராசரியாக 100 சதவீதம் அளவுக்கு ஏற்றியிருக்கிறார்கள், சில சாமான்களுக்கு 5,000 சதவீதம் வரைக்கும் என்றும் ஆணையம் சொன்னது. இனிமேல் ஸ்பேரையும் கருவியையும் வெளியே கொடுக்கணும், வெளி மெக்கானிக்கிடம் காட்டின ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் உத்தரவில் இருந்தது. வெளியே பார்த்த வேலையால் ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அதற்கு மட்டும் வாரன்டி இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

படிக்க நல்லாத்தான் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று போனார்கள். உத்தரவு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோட்டார் ஆசான் இன்னும் வாட்ஸ்அப் போட்டோவைத்தான் பெரிதுபண்ணிப் பார்க்கிறார்.

சாமான் விஷயத்தில் இன்னொன்று. கார் கம்பெனி பேர் போட்ட டப்பாவில் வருகிற சாமானை எல்லாம் கார் கம்பெனியே செய்வதில்லை. நம்ம சென்னை பாடியிலேயே லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது, பிரேக்ஸ் இந்தியா பிரேக் சாமான் செய்கிறது. இப்படிச் செய்கிறவர்கள் தங்கள் சொந்தப் பேரில் விற்கிற டப்பா கடையில் கிடைத்தால் பல நேரம் விலை குறைவாக இருக்கும். ஆனால் எல்லாச் சாமானையும் அப்படி வெளியே விற்க கார் கம்பெனிகள் விடவில்லை என்பதும் அந்த விசாரணையில் வந்த விஷயம்தான்.

பழைய காலத்தை நான் தூக்கிப் பிடிக்கிறவன் இல்லை. ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. எங்க பாட்டா காலத்தில் கலப்பை, வண்டி, மம்பட்டி, அரிவாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது ஊர் ஆசாரியும் கொல்லரும். அவர்களுக்கு வேலைக்கு வேலை பணம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். சாதியோடு சேர்த்துக் கட்டின கூலி அது, அளவும் குறைவு. ஆனால் ரிப்பேர் கணக்கில் மட்டும் பார்த்தால், கலப்பை உடையாமல் இருந்தால் ஆசாரிக்கு லாபம். பத்து முறை உடைந்தாலும் அதே நெல்தான். அதனால் முதல் தடவையே ஒழுங்காகச் செய்து கொடுப்பார்.

இப்போது உடைந்தால்தான் லாபம். ஒட்டினால் 2,600, மாற்றினால் 48,026 என்று இருந்தால் ஒட்டுகிறேன் என்று எந்தக் கடைக்காரன் சொல்வான்? அக்கா மகன் சொல்வான், சர்வீஸ் அட்வைசருக்கு மாசத்துக்கு இவ்வளவு பில் போடணும் என்று டார்கெட் உண்டாம். காரை நல்லபடியாக ஓட வைக்கணும் என்று டார்கெட் இருந்ததாக அவன் சொல்லவில்லை.

சரி, வெளி மெக்கானிக் எல்லாம் ஆசான் மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். நானே பட்டிருக்கிறேன். ஆறு வருஷம் முந்தி, விலை குறைவு என்று ஒரு இடத்தில் பிரேக் பேட் மாற்றினேன். பில் இல்லை, டப்பாவையும் காட்டவில்லை. மூணு மாசத்தில் தேய்ந்து, ஆரல்வாய்மொழி போகிற வழியில் பிரேக் பிடிக்காமல் ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது. வாரன்டி இருக்கிறவரைக்கும் சர்வீஸ் சென்டர்தான் நல்லது. ஏர்பேக், ஏபிஎஸ் வேலையைத் தெருமுனையில் பார்க்கக் கூடாது. ஆக்சிடென்ட் கிளைம் என்றால் கேஷ்லெஸ் வசதி உள்ள இடத்துக்குப் போவதுதான் புத்தி. எங்கே எதற்குப் போவது என்று நாமளே முடிவு செய்ய வழி இருக்கணும். கம்பெனிக்காரன் ஸ்கேனரைப் பூட்டி வைத்து அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது.

இது காரோடு நிற்கப் போவதில்லை. டிராக்டரும் அறுப்பு மிஷினும் இதே வழியில்தான் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் விவசாயிகள் பட்ட பாட்டைக் கேட்டால் புரியும். அங்கே டிராக்டர் ஒரு சென்சார் கோளாறில் நின்றுவிட்டால் டீலர் ஆள் வந்து கம்ப்யூட்டரைத் திறக்கிறவரைக்கும் வயலில் நிற்க வேண்டியதுதான். பொறுக்க முடியாமல் கொலராடோ மாநிலத்தில் 2023-ல் விவசாயக் கருவிகளுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் ஜான் டீர் கம்பெனி மேல் இதற்காக வழக்குப் போட்டது. கார் விஷயத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜனங்கள் 2012-லேயே ஓட்டுப் போட்டு, விவரத்தை வெளி மெக்கானிக்குக் கொடுக்கணும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நம்ம நாட்டிலும் பேச்சு இல்லாமல் இல்லை. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டது. அந்த வருஷம் டிசம்பர் 24-ல் ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு பிரிவு. நம்மளையும் சேர்த்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அது விவரம் போட்டு வைக்கிற இடம். கம்பெனிக்காரன் கொடுக்கவில்லை என்றால் அவன் கையைப் பிடிக்கிற சட்டம் வேணும்.

நாளைக்குக் கும்பப்பூ அறுப்பு சமயம், வானம் கறுத்துக்கொண்டு வருகிற நேரத்தில் மிஷின் ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டிவிட்டு வயலில் நின்றால் என்ன செய்வது? கார் நின்றால் ஆட்டோ உண்டு. நெல் சாய்ந்தால் முளைத்துப் போகும்.

என்னைக் கேட்டால் மூணு காரியம் வேணும்.

முதலாவது, கம்பெனி டீலருக்குக் கொடுக்கிற வயரிங் படம், சர்வீஸ் மேனுவல், ஸ்கேனர் வழி எல்லாவற்றையும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்கணும். சும்மா வேண்டாம், நியாயமான விலைக்கு. திருட்டுப் பயம் இருக்கிறது என்றால் மெக்கானிக்கைப் பதிவு செய்துகொண்டு கொடுக்கட்டும்.

ரெண்டாவது, கோணம் ஐடிஐ மாதிரி இடங்களில் பழைய மெக்கானிக்குகளுக்குச் சாயங்கால வகுப்பு வைக்கணும். ஆசான் மாதிரி ஆட்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போதும். வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குக் கொடுக்கிற மாதிரி, நல்ல ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்து மெக்கானிக்குகள் வாடகைக்கு எடுக்கிற வசதி செய்தால் தாலுகாவுக்கு ஒன்று போதும்.

மூணாவது, எஸ்டிமேட்டில் ரெண்டு வரி கட்டாயம் இருக்கணும். பழுது பார்த்தால் இவ்வளவு, மாற்றினால் இவ்வளவு. அதுவும் தமிழில். எங்க ஊரில் பாதிப்பேர் இங்கிலீஷ் எஸ்டிமேட்டில் கடைசி எண்ணை மட்டும்தான் படிக்கிறார்கள்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்க. கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்க. கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்க, அது உங்கள் சொத்து. சாமான் விலையும் கூலியும் தனித்தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்க. சாமான் டப்பாவில் எம்ஆர்பி இருக்கும், பாருங்க. சில கம்பெனிகள் சாமான் விலையைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன, வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ரெண்டு நிமிஷத்தில் எடுத்துத் தருவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்கு முன்னால் பலதுக்கும் 28 இருந்தது. பழைய கணக்கில் பில் வந்தால் விடாதீங்க.

இன்னொன்று சொன்னால் கோபப்படக் கூடாது. நாமளும் ஒழுங்கில்லை. ஏசி அறையில் 40,000 பில்லைக் காட்டினால் வாயைத் திறக்காமல் கார்டைத் தேய்க்கிறோம். ஆசானிடம் வந்து 2,000 என்றால் “என்ன ஆசானே, 1,500 வச்சுக்கிடும்” என்கிறோம். ரெண்டு நாள் குனிந்து நின்ற முதுகுக்குப் பேரம். அவருடைய மகன் இந்த வேலைக்கு வரவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் பில் போடுகிறான். “இதுல என்ன இருக்கு ஓய், படிச்ச பய ஏன் கரி பூசணும்?” என்கிறார். இவருக்குப் பிறகு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே யாரும் இல்லை. அப்புறம் நமக்கு ஏசி அறையும் காப்பியும்தான் மிச்சம். அன்றைக்கு எஸ்டிமேட் எவ்வளவு வந்தாலும் கேட்க ரெண்டாவது இடம் இருக்காது.

நான் 2,600-க்கு 3,000 கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றார். “பில் போடாத கடைக்கு ஜிஎஸ்டின்னு வச்சுக்கிடும்” என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போகும்போது ஒரு மட்டிக்குலை கொண்டு போகணும்.

ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டதற்கு, “நான் ஒட்டின இடம் இளகாது. எலி வேற இடத்துல கடிச்சா அதுக்கு நான் பொறுப்பு இல்ல” என்றார். இதுதான் அவர் கொடுத்த வாரன்டி. எனக்கு இது போதும்.

இப்போது காரைப் படப்புப் பக்கம் நிறுத்துவதில்லை. முன்வாசலில் நிற்கிறது. ராத்திரி பானெட்டைத் திறந்தே வைக்கிறேன், இருட்டாக இருந்தால்தானே அது கூடு கட்டும். பேட்டரிப் பக்கத்தில் ஒரு துணியில் யாழ்ப்பாணம் புகையிலையை முடிந்து கட்டியிருக்கிறேன். அதற்கு எலி போகுமா என்று எனக்கே சந்தேகம்தான், ஆனால் செலவு பத்து ரூபாய். காலையில் வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுகிறேன்.

அம்மை அந்த ரெண்டு வாரத்தில் ஒரு செக்கப்பை விட்டுவிட்டாள். “எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா, நீ மொதல்ல வண்டியப் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன புதன்கிழமைதான் கூட்டிப் போனேன். பிரஷர் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமையும் போகணும்.

கும்பப்பூ நடவு முடிந்தாச்சு. குளத்தில் தண்ணீர் நிறையக் கிடக்கிறது. உரத்துக்கு அலைந்த கதையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.